பூப்போட்ட பக்கெட்டு

இந்தக் குளிருக்குள்ள கொண்டாந்து ஒக்கார வச்சுத்தான் எங்களக் கௌரவிக்கணுமா. ஏசி நேரா உச்சி மண்டையில ஊத்துது. சேலைக்கு மேல நீலக் கோட்டு, நெஞ்சுல ரோசாப்பூவும் ரிப்பனும், மடியில சத்தத்த அமத்திப் போட்ட போனு. போனுல ஒத்தக் கோடு கூட இல்ல, தியேட்டருக்குள்ள காலெடுத்து வச்சதுமே சிக்னலு செத்துருச்சு, செத்துருச்சுன்னு தெரிஞ்சும் கையி சும்மா இருக்க மாட்டேங்குது, திருப்பித் திருப்பிப் பாக்குது. பெரியாஸ்பத்திரில எம்மக கெடக்கா. சுபிக்ஷா. பத்தாவது படிக்கிறா. காய்ச்ச வந்து, மாத்திரைக்கு விட்டு, விட்டுருச்சுன்னு நெனக்கிறப்ப திரும்ப வந்து, ஒடம்பெல்லாம் முறிச்சுப் போட்டாப்புல வலிக்குதும்மான்னு சுருண்டு படுத்துக்கிட்டா. ரத்தம் எடுத்துப் பாத்தா டெங்கு. வீடு வீடாப் போயிக் கொசுவ ஒழிக்கிற டெங்கு மஸ்தூரு அங்காளேஸ்வரி மகளுக்கு டெங்கு. கேக்கவே எம்புட்டு நல்லாருக்கு. காலைல திரும்ப ரத்தம் எடுத்துட்டுப் போயிருக்காய்ங்க, ரத்தத்துல தட்டணு ஏறியிருக்கா எறங்கியிருக்கான்னு மதியத்துக்குள்ள தெரிஞ்சிரும், தெரிஞ்சதும் போன் அடிக்கிறேன்னு அவுக அப்பா சொன்னாரு. எங்கிட்டு அடிக்க. செவுத்துக்குச் செவுரு மெத்தையத் தச்சு வச்சிருக்காய்ங்க, இந்தக் குகைக்குள்ள எந்தப் போனு நொழையும். ஏறியிருக்கும். எறங்கியிருந்தா? ஏறியிருக்கும், காலைல அரை டம்ளரு கஞ்சி குடிச்சாள்ல. குடிச்சதக் கக்கவும் செஞ்சா. எந்திரிச்சு வெளிய போயிப் பேசிட்டு வரலாம்னா ஓரத்துல குணசீலன் சாரு நிக்கிறாரு, கைய ரெண்டையும் கட்டிக்கிட்டு, வகுப்புல பரிச்சை எழுதுற பிள்ளைகளக் கண்காணிக்கிற மாதிரி.

அவருதான் எங்களுக்கு சானிட்டரி இன்ஸ்பெக்டரு. நேத்து ஆஸ்பத்திரி வராண்டாவுல நிக்கிறப்ப எனக்குப் போன் போட்டாரு. சுபிக்கு எப்படி இருக்குன்னு கேட்டாரு, கேக்கலன்னு சொல்ல மாட்டேன், கேட்ட மூச்சுலயே நாளைக்கு விழாவுக்கு வந்துரும்மா, நீதான் படத்துல மெயினு, நீ இல்லாட்டி நல்லாருக்காதுன்னாரு. சார் எம்பிள்ள இப்படிக் கெடக்குறப்பன்னு ஆரம்பிச்சேன். பிள்ளைக்கு டாக்டரு இருக்காரு, விழாவுக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கான்னாரு. அப்பறம் கொரலக் கொஞ்சம் எறக்கி, அடுத்த மாசம் காண்ட்ராக்டு புதுப்பிக்கிறாங்க, பெரியவுகல்லாம் வர்றாங்க, மொகத்தக் காட்டிட்டுப் போயிரும்மான்னாரு. நல்லது சொல்ற மாதிரியே கழுத்துல கைய வைக்கிறதுக்கு எங்கதான் படிச்சுட்டு வர்றாய்ங்களோ. அப்பவும் நான் வர மாட்டேன்னுதான் இருந்தேன். நாக்க அறுத்துப் போட்டாலும் வந்திருக்க மாட்டேன். சுபிதான் போச் சொன்னா. ட்ரிப்ஸ் ஏறுற கையத் தூக்க முடியாம மத்தக் கையால எங்கையத் தொட்டு, போயிட்டு வாம்மா, படத்துல நம்ம பக்கெட்டு வருதான்னு பாத்துட்டு வந்து சொல்லுன்னா. அந்தப் பக்கெட்டப் பாக்கத்தான் நான் இங்கன ஒக்காந்திருக்கேன், மேடைக்கும் பொன்னாடைக்குமில்ல.

லைட்ட அணைச்சுட்டாய்ங்க. படத்துக்குப் பேரு 'எங்கள் தெருவின் தெய்வங்கள்'. தெய்வம்னு சொல்லிட்டா ஒரு வசதி இருக்கு, தெய்வத்துக்குக் காய்ச்ச வராது, தெய்வத்துக்குப் பிள்ளகுட்டி கெடையாது, தெய்வம் எதுத்துக் கேள்வி கேக்காது. திரையில ஒரு கணீர்க் கொரலு பேசுது, 'இவர்கள் வீடு வீடாகச் செல்வார்கள், தொட்டியிலும் பூச்சட்டியிலும் ஒளிந்திருக்கும் எமனைத் தேடுவார்கள்' அப்படிங்குது. எமனாம். புழுவுய்யா அது. டார்ச் அடிச்சா நெளிஞ்சு நெளிஞ்சு கீழ போயி ஒளியும், கொஞ்ச நேரம் மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னா மூச்சு வாங்க மேல வரும், அப்பப் பாத்துக்கிறணும், பாத்ததும் தண்ணியக் கொட்டணும், கொட்ட முடியாத தொட்டின்னா மருந்து ஊத்தணும், அம்புட்டுத்தான் எங்க வேலை. படத்துல காட்டுற அந்த வருசம் எங்க ஊருல தெருவுக்குத் தெரு காய்ச்ச. பச்சப் பிள்ளைகளத் தோள்ல போட்டுக்கிட்டு ஆளாளுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாய்ங்க. நாங்க வெடியக் காலைல டார்ச்சையும் மருந்தையும் தூக்கிக்கிட்டு எறங்குவோம், வெயிலு சாயிற வரைக்கும் மாடி ஏறி எறங்கி மொழங்கால் தேஞ்சு போச்சு. அதெல்லாம் நெசந்தான், பொய்யின்னு நான் சொல்ல வரல. ஆனா இந்தா பாரு, படத்துல கதவத் தட்டுறோம், கதவு தொறக்குது, அந்த வீட்டம்மா சிரிச்சுக்கிட்டே வாங்க வாங்கங்குது. எந்த ஊருல. எந்தக் கதவு அப்படித் தொறந்துச்சு. கொசுக்காரி வந்துருக்கா, காசு கீசு கேப்பா, கதவச் சாத்துன்னு உள்ளருந்து கேக்கும், எங்க காதுல விழணும்னுதான் சொல்லுவாய்ங்க. எங்க வீட்ல கொசுவே கெடையாதுன்னு மூக்க ஒடச்சாப்புல ஒரம்மா சொல்லும், அது சாஞ்சு நிக்கிற ஜன்னல்லயே கண்ணாடிப் பாட்டில்ல மணி பிளாண்ட்டு இருக்கும், அதுக்குள்ள அம்பது அறுவது புழு கும்மாளம் போடும். இதக் கொட்டுங்கம்மான்னா வாஸ்துக்கு வச்சது கொட்டக் கூடாதுங்கும். பிரிட்ஜுக்குப் பின்னாடி தண்ணி தேங்குற தட்டு இருக்கு, அதப் பாக்கணும்னு சொன்னா, அடுப்படி வரைக்கும் வரணுமான்னு மேலயும் கீழயும் பாக்கும். அந்தப் பார்வையிருக்கே, அதப் புடிக்கிறதுக்கு இவுககிட்டக் கேமரா இல்ல போல.

ஆத்தாடி, இந்த ஆளா. பக்கத்துல ரோஸ்மேரி என் தொடைய இடிக்கிறா. ரோஸ்மேரியும் நானும் ஒரே தெருவுக்குப் போற சோடி, இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். திரையில வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தரு சோபாவுல ஒக்காந்து கண்ணத் தொடைக்கிறாரு, 'அந்தச் சகோதரிகள் இல்லையென்றால் என் பேரன் இல்லை' அப்படிங்கிறாரு. கேட்டத் தொறக்காம நாய அவுத்து விட்ட ஆளுதான இவரு. ரோஸ்மேரி கெண்டக்காலுல இன்னும் தழும்பு இருக்கே. அன்னைக்குக் கடிபட்டு அவ ரோட்டுல ஒக்காந்து அழுதப்ப, மாடியில நின்னுக்கிட்டு, ஊசி போட்ட நாய்தான் ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னவரு. இப்ப அவரு கண்ணு கலங்க, பின்னாடி வயலினு இழுக்க, முன் வரிசையில எவனோ மூக்கச் சிந்துறான். ரோஸ்மேரி சிரிக்கிறா, சத்தம் வராம ஒடம்பு குலுங்கச் சிரிக்கிறா. எப்படித்தான் சிரிக்கிறாளோ. எனக்கு அந்த நாயி மேல கூடக் கோவமில்ல, வாயில்லாச் சீவன். எனக்கு இந்த வயலினு மேலதான் கோவம் கோவமா வருது. அத வச்சு எதையும் கழுவிரலாம் போல. சரி, என் பக்கெட்டு எப்ப வரும். பக்கெட்டு வந்துட்டா நான் எந்திரிச்சுப் போயிருவேன், சுபிக்குச் சொல்றதுக்கு எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இந்நேரத்துக்கு ரிசல்ட்டு வந்திருக்கும். வந்திருக்காது, அங்க எப்பவும் கூட்டந்தான். வந்திருந்தா இவரு அடிச்சிருப்பாரு, அடிச்சா எனக்கு எங்க தெரியப் போகுது.

பச்சப் பக்கெட்டு அது. எங்க வீட்டுக் குளிக்கிற பக்கெட்டு. சுபி எட்டாவது லீவுல, வேலவெட்டி இல்லாம, சேப்பு நெயில் பாலிஷ எடுத்து அதுல பூவாப் போட்டு வச்சா. சுத்தி வரிசையா அஞ்சிதழுப் பூவு, நடுவுல மஞ்சப் பொட்டு. நெயில் பாலிஷ வீணாக்குறியேடின்னு அன்னைக்குக் கத்துனேன். போன மாசம் படத்தோட டைரக்டரு, நிரஞ்சன்னு ஒரு தம்பி, அதப் பாத்துட்டுத்தான் ஆகா ரொம்ப அழகா இருக்குக்கான்னு குதிச்சாரு. படமெல்லாம் எடுத்து முடிச்சாச்சாம், வெட்டி ஒட்டுறப்பப் பாத்தா புழுவே இல்லையாம். பேட்ச் ஒர்க்குன்னு ஒண்ணு இருக்காம், விட்டுப் போனத ஒட்டுப் போட்டுச் சேக்குறது, அதுக்கு வந்துட்டாய்ங்க. புழு கிட்டத்துல வேணும், திரை பூராத் தெரியணும், அதப் பாத்துச் சனம் மெரளணும், அப்பத்தான நீங்க செஞ்சது எம்புட்டுப் பெருசுன்னு தெரியும்னாரு. நானும் ரோஸ்மேரியும் ரெண்டு தெருவு அலைஞ்சோம். ஒரு புழு இல்ல. பெருமையா இருந்துச்சு எனக்கு. தம்பி, எங்க ஏரியாவுல புழு கெடைக்காது, அதுக்குத்தான் நாங்க இருக்கோம்னேன். நிரஞ்சன் மொகம் செத்துப் போச்சு. குணசீலன் சாரு தலையச் சொறிஞ்சுட்டு, வளத்துருவோமேன்னாரு. வெளையாட்டுக்குச் சொல்றாருன்னுதான் நெனச்சேன். ஒன் வீட்டுக் கொல்லையில நெழலாருக்கு, ஒரு பக்கெட்டுல தண்ணிய வச்சு நாலு எலையப் போட்டா தன்னால வந்துட்டுப் போகுது, நீதான் இதுல கைதேர்ந்தவ, சேலையக் கட்டி மூடிப் பத்தரமாப் பாத்துக்க மாட்டியான்னாரு. சார், இதுக்காகத்தான் நாம ஊரெல்லாம் அபராதம் போடுறோம்னேன். அபராதம் போடுறவன் நானு, நாந்தான சொல்றேன்னாரு. நிரஞ்சன் கைய எடுத்துக் கும்புட்டு, அக்கா, ஒங்களுக்காகத்தான் இந்தப் படமேங்கிறாரு. எனக்காகவாம். எனக்கு மரியாதை செய்யிறதுக்கு எங்கொல்லையிலயே கொசு வளக்கணுமாம். ஏண்டாப்பா, இத எவன்கிட்டப் போயிச் சொல்லி அழுக.

வளந்துச்சு. வராம என்ன, விட்டா வருது. நான் வீட்ல கெடந்த பழைய சேலைய ரெண்டா மடிச்சுப் பக்கெட்டு மேல போட்டு, சுத்திச் சணல இழுத்துக் கட்டினேன், ஊசி போக எடமில்லாமக் கட்டினேன். சுபிக்கு ஒரே கொண்டாட்டம். நம்ம பக்கெட்டு சினிமாவுல வரப் போகுதுன்னு பள்ளிக்கூடம் பூராச் சொல்லி வச்சுட்டா. படமெடுக்க வந்தாய்ங்க, சேலைய அவுத்து, லைட்டப் போட்டு, பக்கெட்டுக்குள்ள கேமராவ விட்டு விட்டு எடுத்தாய்ங்க, நான் தண்ணியக் கொட்டுறத மட்டும் எடுக்கல, வெளிச்சம் போயிருச்சாம். நாளைக்கு வந்து எடுத்துக்கிறோம், கொட்டிறாதீங்கக்கா, புழு அப்படியே இருக்கட்டும்னுட்டுப் போயிட்டாய்ங்க. மறுநா வரல. அதுக்கு மறுநாளும் வரல. புழு உருண்டையா மாற ஆரம்பிச்சிருச்சு, அடுத்தது றெக்கைதான்னு எனக்குத் தெரியும், குணசீலன் சாருக்குப் போனப் போட்டுக் கொட்டவா சாருன்னேன், அவசரப்படாதம்மா, மூடித்தான இருக்குன்னாரு. மூடித்தான் இருந்துச்சு. நான் மூடினது மூடினபடிதான் இருந்துச்சு. மறுநாக் காலைல நான் வேலைக்கு எறங்கினதுக்கப்பறம் படமெடுக்குறவுக ஆளு ஒருத்தன் வந்துருக்கான், போட்டோ எடுக்க. சுபி பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னிக்கிட்டு இருந்துருக்கா, உள்ள விட்டுட்டா. அவன் சணல அறுத்துச் சேலைய எடுத்துத் தொவைக்கிற கல்லு மேல போட்டுட்டு, எடுத்துக்கிட்டு, போயிட்டான். சாயந்திரம் நான் வந்து பாக்குறேன். சேல கல்லு மேல கெடக்கு. பக்கெட்டுத் தண்ணி தெளிஞ்சு ஆடாம நிக்கிது. ஒரு புழு இல்ல. மேல மட்டும் சின்னச் சின்னதா, எள்ளுத் தோலு மாதிரி, உரிச்சுப் போட்ட சட்டை மெதக்குது.

எத்தனையோ வீட்ல அதப் பாத்திருக்கேன். அடுத்தவன் வீட்லன்னா, பாருங்கய்யா எல்லாம் பறந்துருச்சு, போன வாரமே சொன்னேன்லன்னு சத்தம் போடலாம். எங்கொல்லையில நின்னு நான் யாரப் பாத்துச் சத்தம் போட. சுபியப் போட்டுத்தான் காச்சு காச்சுன்னு காச்சுனேன். அந்த அண்ணன் மூடிருப்பாருன்னு நெனச்சேம்மா, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அழுதா. அப்பறம் வீட்ல இருந்த கொசு பேட்டத் தூக்கிக்கிட்டு மூணு பேரும் வேட்டைக்கு எறங்கினோம். அவுக அப்பா கட்டிலத் தூக்கிப் பிடிக்க, நான் மூலை மூலையா வீச, அழுத பிள்ள சிரிக்க ஆரம்பிச்சிருச்சு, அம்மா ஒன் முதுகுல ஒண்ணு, அப்பா மண்டையில ஒண்ணுன்னு குதிக்குது. படபடன்னு கொஞ்சம் கருகுச்சு. மிச்சம் எங்க போச்சோ. எங்க வீடு வரிசையா ஒட்டிக் கட்டுன லயனு வீடு, செவுத்துக்கும் கூரைக்கும் நடுவுல கை போற சந்து இருக்கு. மூணாவது வீட்டுக்காரரு கேரளாவுல சித்தாள் வேலைக்குப் போயி, காய்ச்சலோட திரும்பி வந்து படுத்துக் கெடந்தாரு, அவருக்கு என்ன காய்ச்சன்னு அப்ப யாரும் பாக்கல. அங்கிட்டுக் கடிச்சது இங்கிட்டு வந்துச்சா. இது பகல்ல கடிக்கிற கொசுவாச்சே, பகல்ல எம்பிள்ள பள்ளிக்கூடத்துல இருக்கு, பள்ளிக்கூடத் தொட்டியில இருந்துச்சோ என்னமோ. அந்தத் தொட்டிய நாந்தான் பாத்தேன், தேச்சுக் கழுவிப் பளிங்கா இருந்துச்சு. அப்ப பஸ் ஸ்டாண்டு. பஸ் ஸ்டாண்டுல டயரு கடை இருக்கு, மழத்தண்ணி நிக்கும். ஆமா, டயரு கடைதான். சும்மா இருடி, ஞாயித்துக்கெழமை பூரா அவ எங்க இருந்தா, கொல்லையில, துணி தொவச்சுக்கிட்டு, அந்தப் பக்கெட்டுக்குப் பக்கத்துல. எந்தக் கொசுன்னு எவன் சொல்லுவான். கொசு நெத்தியில சீலா குத்தியிருக்கு. நான் இப்படியே சுத்திச் சுத்தி வர்றேன், எங்கிட்டுச் சுத்துனாலும் அந்தத் தொவைக்கிற கல்லு மேல கெடந்த சேலைக்கிட்டயே வந்து நிக்கிறேன். குணசீலன் சாருகிட்டச் சொன்னேன். நேத்து வராண்டாவுல போனுலயே சொன்னேன், சார் அந்தப் பக்கெட்டா இருக்குமோன்னு. அதெல்லாம் வெளிய பேசிக்கிட்டு இருக்காதம்மா, ஒம்பேருதான் கெடும், ஒன் வீட்ல புழு இருந்துச்சுன்னு ஆயிரும்னாரு. கேட்டியா கதைய.

வந்துருச்சு. பச்ச. திரை பூராப் பச்ச. ஐயோ எம்புட்டுப் பெருசு. ரோஸ்மேரி எங்கையப் புடிச்சுக்கிட்டா. சுபி போட்ட பூவு ஒவ்வொண்ணும் வண்டிச் சக்கரம் தண்டிக்குத் தெரியிது, மஞ்சப் பொட்டு வழிஞ்சு ஒரு பக்கம் கோணலா நிக்கிறது கூடத் தெரியிது, அவ அன்னைக்கு அத வெரலால தொடைச்சுட்டுச் சட்டையில பூசிக்கிட்டா. கேமரா பைய உள்ள எறங்குது. புழு. ஒவ்வொண்ணும் பாம்பு நீளத்துக்கு நெளியிது, மசிரு மசிரா ஒடம்பு, தலையக் கீழ போட்டுக்கிட்டு வாலால மூச்சு வாங்குது. தியேட்டரு பூரா உஸ்ஸுன்னு ஒரு சத்தம். பின்னாடி ஒரம்மா ச்சீங்குது. இதுக்குத்தான ஆசப்பட்டாய்ங்க, மெரண்டாச்சுல்ல. இப்ப எங்கையி வருது, நீலக் கோட்டுக் கை, பக்கெட்டத் தூக்குது, அப்படியே சாய்க்கிது, தண்ணி வெள்ளி மாதிரி பைய, பையப் பைய விழுகுது, அந்தக் கணீர்க் கொரலு 'ஒரு தாயின் கரங்கள் எமனை மண்ணில் கவிழ்த்தன' அப்படிங்குது, கைதட்டுறாய்ங்க, முன் வரிசையில பெரிய மனுசங்க எந்திரிச்சு நின்னே தட்டுறாய்ங்க. அட பாவிகளா. அது வெறுந்தண்ணி. எல்லாம் பறந்து ரெண்டு நாக் கழிச்சு வந்து, பரவால்லக்கா புழு இல்லாட்டித் தெரியாது, குழாத் தண்ணியப் புடிச்சுக் கொட்டுங்கன்னாய்ங்க. நான் கொட்டினது குழாத் தண்ணி. நான் எந்த எமனையும் கவுக்கல, எமன் அதுக்கு முன்னாடியே எங்கூரைச் சந்து வழியாப் பறந்து போயிட்டான். நீங்க கைதட்டுறது பச்சத் தண்ணிக்குடா. வாயத் தொறந்தா ஊளைதான் வரும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். ரோஸ்மேரி சிரிக்கல இப்ப. அவ எம்மொகத்தையே பாக்குறா.

லைட்டப் போட்டுட்டாய்ங்க. கண்ணு கூசுது. மைக்குல ஒரு பிள்ள, இனி நம் தெய்வங்களை மேடைக்கு அழைக்கிறோம்னு கொஞ்சிப் பேசுது. குணசீலன் சாரு எனக்குப் பின்னாடி வந்து குனிஞ்சு, நாஞ் சொன்னது ஞாபகமிருக்குல்ல, ரெண்டு வார்த்த போதும், நகராட்சிக்கு நன்றின்னு முடிச்சுரும்மாங்கிறாரு. முதலாவதாக திருமதி அங்காளேஸ்வரி அவர்கள். கைதட்டுறாய்ங்க. எந்திரிச்சேன். மேடைக்குப் போனா மைக்கு குடுப்பாய்ங்க. அதுல எல்லாத்தையும் போட்டு ஒடைச்சுரலாம், அந்தப் பக்கெட்டு என் வீட்டுது, அந்தப் புழு நீங்க வளக்கச் சொன்னது, எம்மக ஆஸ்பத்திரில கெடக்கான்னு. சொல்லலாம். சொன்னா என்ன ஆகும். உச்சுக் கொட்டுவாய்ங்க. அந்த வெள்ளச் சட்டைக்காரரு திரும்பக் கண்ணத் தொடைப்பாரு. நிரஞ்சன் அதையும் படமெடுப்பாரு. அதுக்கும் ஒரு வயலினு வரும். நான் இங்கன நின்னு இவுகளுக்கு அழுது காட்டுற நேரத்துக்கு எம்பிள்ளைகிட்ட இருக்கலாம். மேடைப் பக்கம் ரெண்டு எட்டு வச்சவ அப்படியே திரும்பிட்டேன். பின்னாடி கதவப் பாத்து நடக்குறேன். கைதட்டு பாதியில நின்னுருச்சு. பாத்ரூம் போறா போலன்னு எவனோ சொல்றான். குணசீலன் சாரு, இந்தாம்மா, இங்கிட்டும்மா, இங்கிட்டுன்னு பின்னாடியே வர்றாரு.

கதவத் தள்ளிட்டு வெளிக்கூடத்துக்கு வந்தா அந்த உருளி நிக்கிது. உள்ள வர்றப்பவே பாத்தேன். வாசல்ல அலங்காரத்துக்குப் பெரிய வெங்கல உருளி, அதுல தண்ணிய நெப்பி ரோசா எதழையும் செவ்வந்தியையும் மெதக்க விட்டுருக்காய்ங்க. பூவு இன்னைக்குப் போட்டது, தண்ணி இன்னைக்கு ஊத்துனது இல்ல. அப்பவே பழக்க தோசத்துல குனிஞ்சு எதழ வெலக்கிப் பாத்தேன், கீழ நெளிஞ்சுச்சு. நல்லாக் கொழுத்துப் போயி, நாலஞ்சு நாப் புழு. சார் இங்க பாருங்கன்னேன். அவரு பாத்தாரு. பாத்துட்டு, இன்னைக்கு விட்டுரும்மா, விழா முடியட்டும்னு எங்கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாரு. நானும் போயிட்டேன். இப்ப அதுக்கு முன்னாடி நிக்கிறேன். கோட்டுல குத்துன ரோசாவக் கழட்டிப் போட்டேன். உருளி வெளிம்புல ரெண்டு கையையும் குடுத்து ஒரு தம் புடிச்சுச் சாச்சேன், எத்தன ட்ரம்மச் சாச்ச கையி இது, கொடகொடன்னு கொட்டிருச்சு. சேப்புக் கம்பளம் பூராத் தண்ணி, பூவு, புழு. குணசீலன் சாரு ஷூவு நனஞ்சு தாவிக் குதிக்கிறாரு. ஏம்மா ஒனக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சான்னு கத்துறாரு. நான் கத்தல. தெனமும் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் எப்படிச் சொல்லுவனோ அப்படித்தான் சொன்னேன்.

"தண்ணியத் தேங்க விடாதீங்க சார். வீட்ல பிள்ளைக இருக்கும்ல."

வெளிய வெயிலு மொகத்துல அறையுது. இடுப்புல சொருகியிருந்த போனு துடிக்க ஆரம்பிச்சிருச்சு, ஒண்ணு மேல ஒண்ணா வந்து விழுகுது, எல்லாம் இவரு கூப்புட்டது. ரெண்டு தடவ தப்பா அமுக்கிட்டேன். இவரு எடுத்தாரு. ஏங்க சொல்லித் தொலைங்கன்னேன். எறங்கிருச்சு அங்காளு, நேத்தைக்கு இன்னைக்கு ரொம்ப எறங்கிருச்சு, தட்டணு ஏத்தணுங்கிறாக, ரத்தம் குடுக்க ஆளு வேணுமாம், நீ வெரசா வான்னாரு. கொரலு ஒடஞ்சு போச்சு அவருக்கு. ரோட்டுல நின்னு கைய நீட்டி ஆட்டோவ மறிச்சேன். எங்கையில நீலக் கோட்டுத் துணி ஈரமா ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. அவ கேக்குறா, இந்தா ஒரு வார்த்த பேசுன்னு போனச் சுபிகிட்டக் குடுத்தாரு. மூச்சு வாங்குது பிள்ளைக்கு.

"அம்மா, நம்ம பக்கெட்டு வந்துச்சா?"

"வந்துச்சுத்தா. திரை பூரா வந்துச்சு."

"பூவெல்லாம் தெரிஞ்சுச்சாம்மா?"

தெரிஞ்சுச்சு தங்கம், ஒவ்வொரு பூவும் தெரிஞ்சுச்சு, அம்மா இந்தா வந்துட்டேன்னு சொன்னேன். எங்கம்மா போகணும்னு ஆட்டோக்காரரு கேட்டாரு. பெரியாஸ்பத்திரின்னேன்.